சல்லடையில் "30" என்று மட்டும் இருக்கிறது, இது எத்தனை மைக்ரான்?

சலிப்பவன்:
எங்கள் ஆய்வகத்தில் மணல் சலிக்கும் வேலை என் தலையில். சல்லடையை அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவி, உலர்த்தும் அடுப்பில் காயவைத்து எடுத்தால், ஒட்டிய ஸ்டிக்கர் மூன்றாம் முறையே சுருண்டு விழுகிறது. நேற்று ஒன்று தொட்டியில் மிதந்தது: "600". அது விழுந்த சல்லடையின் நேம் பிளேட் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது. எனக்கு முன்னால் இருந்தவர் மார்க்கரில் "30" என்று மட்டும் எழுதியிருக்கிறார். 30 என்றால் 600 மைக்ரான்தானே? புது ஸ்டிக்கர் ஒட்டி அடுக்கில் வைத்துவிடலாமா?

பழைய கை:
வைக்காதீர்கள் தம்பி. ஏஎஸ்டிஎம் இ11 என்ற அமெரிக்கத் தரநிலைக் கணக்கில் 30 என்றால் ஓட்டை 600 மைக்ரான். பழைய பிரிட்டிஷ் மெஷ் (அங்குலத்துக்கு எத்தனை ஓட்டை) கணக்கில் அதே 30, 500 மைக்ரான். அங்கே 600-க்கு எண் 25. 100, 200 போன்ற சில எண்கள் மட்டும் இரண்டு கணக்கிலும் ஒன்றுதான் (150, 75). அதைப் பார்த்துத்தான் எல்லா எண்ணும் ஒத்துப்போகும் என்று நம்பிவிடுகிறோம். நானும் நம்பினேன். ஒரு வாரம் முழுக்க, எந்த மணலைப் போட்டாலும் 600 என்று நான் நினைத்த சல்லடையில் அளவுக்கு மீறித் தங்கியது, அடுத்த சல்லடையில் குறைந்தது. மணல் மாறினாலும் துகள் அளவு வரைபடத்தின் வளைவில் கூன் மாறவில்லை. சல்லடையைக் குலுக்கும் ஷேக்கர் இயந்திரத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்!

லென்ஸும் அளவுகோலும் எடுத்து, கம்பி ஓடும் திசையில் 5 செ.மீ. நீளத்தில் எத்தனை ஓட்டைகள் என்று எண்ணுங்கள். 600-க்கு வழக்கமான கம்பி 400 மைக்ரான். ஓட்டையும் கம்பியும் சேர்ந்து சரியாக 1000 மைக்ரான், அதாவது 1 மி.மீ., ஆக 50 வரும். 500-க்குக் கம்பி 315, அதனால் 61 வரும். கம்பித் தடிமன் கொஞ்சம் முன்பின் இருக்கலாம் என்பதால், மைக்ரோஸ்கோப்பில் ஓட்டையையும் அளந்துவிடுங்கள்.

வெர்னியர்:
ஃப்ரேமின் உள்விட்டத்தையும் பாருங்கள். 203 மி.மீ. என்றால் 8 அங்குல ஃப்ரேம்; 200 என்றால் மெட்ரிக். இது துப்பு மட்டும்தான், சாட்சி இல்லை.

ஸ்டிக்கரை விடுங்கள். ஃப்ரேமின் வெளிப்பக்கத்தில் லேசர் அல்லது மின்வேதி முறையில் பொறியுங்கள். சுத்தியலால் எண் அடிக்கவே கூடாது. ஃப்ரேம் நெளியும், வலை தளரும், அப்புறம் அடுக்கில் உட்காராது. மெஷ் எண் வேண்டாம், மைக்ரான் எழுதுங்கள், கூடவே உங்கள் பதிவேட்டு எண். ஒரே அளவில் இரண்டு சல்லடை இருந்தால் அந்த எண்தான் காப்பாற்றும்.

சலிப்பவன்:
மூன்று இடத்தில் எண்ணினேன். 61, 61, 62. உள்விட்டம் 200. மைக்ரோஸ்கோப்பில் ஓட்டையும் 500-ஐ ஒட்டியே வருகிறது. அந்த "600" ஸ்டிக்கரை எழுதியவன் நான்தான், மார்க்கர் எண்ணைப் பார்த்து. 500 என்று பொறித்துவிட்டுப் பழைய சான்றிதழோடு பயன்படுத்தலாமா?

பழைய கை:
பிளேட்டில் வரிசை எண்ணே இல்லையே, சான்றிதழ் இதனுடையதுதான் என்று எப்படிக் காட்டுவீர்கள்? பொறித்துவிட்டு அளவுத்திருத்தத்துக்கு அனுப்புங்கள். அதுவரை கட்டி உடைத்துச் சலிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கர் ஒட்டிய நாளிலிருந்து வந்த முடிவுகளையும் எடுத்து வையுங்கள், மேலே இருப்பவர்கள் கேட்பார்கள்.