எஸ்ஐ5351 ரிசீவர்: எல்லா நிலையங்களும் கீழே தள்ளித் தெரிகின்றன

ஈசூன்_அலை:
வணக்கம். நானே கட்டிய ரிசீவர்: எஸ்ஐ5351 போர்டு (கிரிஸ்டலை வைத்து வேண்டிய அதிர்வெண்ணை உண்டாக்கும் சிப்), அதை நான்கால் வகுக்க 74ஏசி74 சிப், எஃப்எஸ்டி3253 மிக்சர், யூஎஸ்பி சவுண்ட் கார்டு. சீன நேரச் சமிக்ஞை நிலையம் 5 மெகாஹெர்ட்ஸில் 400 ஹெர்ட்ஸ் கீழே தெரிகிறது. 10-இல் 800, 15-இல் 1200. சவுண்ட் கார்டை மாற்றியும் அப்படியே. ஆர்டிஎல் டாங்கிளை (யூஎஸ்பியில் செருகும் இன்னொரு ரிசீவர்) சரிபார்த்து ஒப்பிடலாம் என்றால், ஜிஎஸ்எம் (2ஜி) கைப்பேசிக் கோபுரம் தேடும் நிரலுக்கு ஒன்றும் சிக்கவில்லை. கிரிஸ்டலை மாற்றட்டுமா?

பிடோக்_ஆண்டெனா:
வேண்டாம். அதிர்வெண் ஏற ஏறப் பிழையும் அதே விகிதத்தில் ஏறுகிறது. மூன்றிலும் மில்லியனுக்கு 80 பங்கு. கோளாறு எஸ்ஐ5351-க்கு ஆதாரமான 25 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் பக்கம்தான். நான்கால் வகுப்பதால் இந்த விகிதம் மாறாது. சவுண்ட் கார்டு மில்லியனுக்கு 50 தவறினாலும் 24 கிலோஹெர்ட்ஸில் 1.2 ஹெர்ட்ஸ்தான்.

நிலையம் கீழே தெரிந்தால் கிரிஸ்டல் வேகமாக ஓடுகிறது. முதலில் எஸ்ஐ5351-இன் ரெஜிஸ்டர் 183-ஐப் பாருங்கள், கிரிஸ்டலுக்கான சுமை மின்தேக்கத்தை அமைக்கும் இடம் அது. 10 பிகோஃபாரட் கேட்கும் கிரிஸ்டலுக்கு 6 என்று வைத்திருந்தால் அதிர்வெண் மேலே போய்விடும். 10-க்கு உரிய மதிப்பு இரும எண்ணில் 11010010. அதைச் சரிசெய்தபின் மிஞ்சுவதை மட்டும் நிரலில் திருத்துங்கள்.

ஜூரோங்_சிக்னல்:
அளப்பதற்கு முன் 20 நிமிடம் சூடாகட்டும், பெட்டியை மூடிவையுங்கள். ஏர்கான் காற்று நேராகப் பட்டால் அளவு நகர்ந்துகொண்டே இருக்கும். 15 மெகாஹெர்ட்ஸில் அளப்பதே நல்லது, பிழை பெரிதாகத் தெரியும். ஆனால் அந்த ஒலிபரப்பு சிங்கப்பூர் நேரப்படி காலை 9 முதல் மாலை 5 வரைதான். காதால் கணிக்காமல் எஃப்எஃப்டி (திரையில் வரும் அதிர்வெண் வரைபடம்) உச்சியைப் படியுங்கள்.

திருத்த எண்ணைப் பில்லியனுக்கு எத்தனை பங்கு என்று கேட்கும் நிரல் நூலகம் என்றால் 80 அல்ல, 80000 என்று கொடுக்க வேண்டும். பிழை இரட்டித்தால் குறியை மாற்றுங்கள்.

டாங்கிள் விஷயம்: சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நின்றுவிட்டது, அந்த நிரலுக்கு இங்கே வேலையில்லை. 900 மெகாஹெர்ட்ஸ் எல்டிஇ (4ஜி) கோபுரங்களைத் தேடும் நிரலைப் போடுங்கள். ஒலி 96.8 எஃப்எம் வானொலியை வைத்துச் சரிபார்க்காதீர்கள். எஃப்எம் நிலையங்களுக்கு 2 கிலோஹெர்ட்ஸ் வரை விலக அனுமதி உண்டு, அது மில்லியனுக்கு 20.

ஈசூன்_அலை:
183-இல் 6 பிகோஃபாரட்தான் இருந்தது. 10 ஆக்கியதும் 15 மெகாஹெர்ட்ஸில் பிழை 210 ஹெர்ட்ஸாக இறங்கிவிட்டது. மிச்சத்துக்கு 14000 கொடுத்திருக்கிறேன். மிக்க நன்றி.