ஹிமாலயன் 450, ஸ்பீட் 400: புதுச்சேரி, கடலூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தவை

ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 450, ட்ரையம்பின் ஸ்பீட் 400 பைக்குகளை வாங்கும் முன், ஷோரூமின் டெமோ வண்டியில் எதைக் கவனிக்க வேண்டும் என்று ஓட்டிப் பார்த்தவர்கள் சொன்னவை இவை. ஒவ்வொரு பகுதிக்கும் தலைப்பு, சொன்னவரின் ஊர்.

அரியாங்குப்பம்

ஹிமாலயன் 450 பத்தி. மரப்பாலத்துல கிளம்பி தவளக்குப்பம் போய்த் திரும்பினாலே போதும். சிக்னல், நெரிசல், ரெண்டு பாலம், கொஞ்சம் திறந்த ரோடு எல்லாம் அதுலயே வந்துடும். ஷோரூம்ல காட்டுற ரூட் பெரும்பாலும் நேரா, வழவழன்னு ஒரு மூணு கிலோமீட்டர். அதுல ஓட்டினா எந்த வண்டியும் நல்ல வண்டிதான்.

என்ஜின் 452 சிசி. 8000 ஆர்.பி.எம்.ல (நிமிஷத்துக்கு என்ஜின் சுத்துற எண்ணிக்கை) 40 பி.எஸ். (குதிரைத்திறன்), 5500ல 40 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுக்கிற சக்தி). கிளாசிக் 350 ஓட்டிப் பழகினவங்க இந்த 5500ஐத்தான் கவனிக்கணும். கிளாசிக்ல டார்க் 27தான், ஆனா அது 4000லயே முழுசா வந்துடும். அந்தப் பழக்கத்துல நாலாவது கியர்ல 35ல உருட்டினா ஹிமாலயன் உதறும், செயின் தட்டும். "இழுக்கலையே"ன்னு சொல்லிட்டு இறங்கிடுறவங்க அதிகம். ஒரு கியர் குறைச்சு 3500க்கு மேல வெச்சுப் பாருங்க, வேற வண்டி மாதிரி போகும். மொத்தம் ஆறு கியர். ஊருக்குள்ள ஆறாவதைத் தொடவே வேண்டாம்.

பாலத்து இணைப்புல ஏறும்போது உட்கார்ந்தபடியே ஏறுங்க, எழுந்து நிக்காதீங்க. முன்னும் பின்னும் 200 மி.மீ. சஸ்பென்ஷன் இருக்கு, முன் சக்கரம் 21 இன்ச். குழி, இணைப்பு எல்லாம் கைக்கு வராது. அதே 21 இன்ச் சக்கரத்தால சந்துல வண்டி கொஞ்சம் சோம்பலாத் திரும்பும். குறைன்னு சொல்ல முடியாது, அந்தச் சக்கரத்தோட குணம் அது.

எடை 196 கிலோ. ஓட்டும்போது தெரியாது. இறங்கி, மணல் கிடக்கிற சரிவுல பின்னாடி தள்ளும்போதுதான் தெரியும். அதையும் ஷோரூம் வாசல்லயே ஒரு தடவை செஞ்சு பாருங்க.

மஞ்சக்குப்பம்

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஓட்டியது வண்டியா, அந்த டெமோ வண்டியின் நிலைமையா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பாதிப் புகார்கள் இரண்டாவது வகைதான்.

முதலில் டயர் காற்று. டெமோ வண்டிகளில் தேவைக்கு மேல் ஏற்றி வைத்திருப்பது சகஜம். 5 பி.எஸ்.ஐ. கூடினாலே சின்னக் கல்லும் முதுகில் தெரியும், பழி சஸ்பென்ஷன் மேல் விழும். ஸ்விங்ஆர்மிலோ (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) செயின் கவரிலோ ஸ்டிக்கர் இருக்கும். அந்த அளவுக்கு வைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்து செயின். சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு பற்சக்கரத்துக்கும் நடுவில் விரலால் மேலும் கீழும் அசையுங்கள். சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும், அதுவும் ஸ்டிக்கரிலேயே இருக்கும். தளர்ந்த செயின், ஆக்சிலேட்டரை மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வெட்டு வெட்டும். "ரைடு பை வயர் (கேபிளுக்குப் பதில் மின்னணு ஆக்சிலேட்டர்) சரியில்லை" என்று எழுதுகிறவர்கள் முதலில் செயினைப் பார்க்கட்டும்.

கிளட்ச் லீவர் முனையில் இரண்டு மூன்று மி.மீ. லூஸ் இருக்க வேண்டும். லூஸ் அதிகமானால் கிளட்ச் முழுதாகப் பிரியாது. சூடான என்ஜினோடு சிக்னலில் நிற்கும்போது நியூட்ரல் சிக்காமல் தவிக்க வைக்கும். கேபிள் கிளட்ச் என்றால் இரண்டு நிமிட வேலை, அங்கேயே சரி செய்யச் சொல்லலாம்.

இன்னொன்று: போனவுடன் வண்டி ஏற்கனவே சூடாக இருக்கிறதா என்று என்ஜின் பக்கம் கை காட்டிப் பாருங்கள். ஆறிய வண்டியை நீங்களே ஸ்டார்ட் செய்ய வேண்டும். முதல் பத்து விநாடியில் வரும் டிக் டிக் சத்தம் சூடேறியதும் குறைந்துவிட்டால் பொதுவாகக் கவலை இல்லை. சூடேறிய பிறகும் கூடிக்கொண்டே போனால் கேள்வி கேளுங்கள்.

வில்லியனூர்

உயரம் கம்மியா உள்ளவங்களுக்கு: ஹிமாலயன் சீட் 825 மி.மீ., மாத்தி வெச்சா 845. ஸ்பீட் 400க்கு 790தான். அஞ்சடி நாலு அங்குலம் இருந்தா ஸ்பீட் 400ல ரெண்டு பாதமும் ஏறக்குறைய ஊணும். ஹிமாலயன்ல ஒரு கால்தான். ஆனா நம்பரை மட்டும் நம்பாதீங்க. சீட்டோட முன்பக்கம் குறுகலா இருந்தா 825லயும் கால் எட்டும். தினசரி போடுற செருப்பு, ஷூ எதுவோ அதைப் போட்டுக்கிட்டே உட்காருங்க.

ஸ்பீட் 400ம் 40 பி.எஸ்.தான், டார்க் 37.5. 398 சிசி. நெரிசல்ல இதுதான் சுலபம். 13 லிட்டர் டேங்க், ஹிமாலயன்ல 17. நீண்ட தூரம் போறவங்களுக்கு அந்த நாலு லிட்டர் பெரிய விஷயம்.

ரெண்டுலயும் ஸ்லிப்பர் கிளட்ச், அதாவது கியரைச் சட்டுனு இறக்கும்போது பின் சக்கரம் துள்ளாமப் பார்த்துக்கிற கிளட்ச். காலியான ரோட்டுல 45ல போகும்போது நாலுல இருந்து மூணு, ரெண்டுன்னு இறக்கிப் பாருங்க. பழைய வண்டில பின் சக்கரம் துள்ளும், இதுல துள்ளாது.

லாஸ்பேட்டை

ஓட்டிப் பார்க்கப் போகும்போது ஒரிஜினல் லைசென்ஸ், சொந்த ஹெல்மெட் எடுத்துட்டுப் போங்க. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டா சில வண்டில டிஸ்ப்ளே கறுப்பாத் தெரியும், அதையும் பார்த்துக்குங்க. ஹெட்லைட் பார்க்கணும்னா இருட்டினப்புறம் போங்க. பீச் ரோடு நினைச்சுடாதீங்க, ஆறு மணிக்கு மேல வண்டி விட மாட்டாங்க!

நெல்லிக்குப்பம்

பிரேக் பத்தி யாரும் சொல்லலையே. கரும்பு டிராக்டர் பின்னாடி போறவங்களுக்கு அதுதான் முதல். ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்காமப் பார்த்துக்கிற வசதி) லைட் சாவி போட்டதும் எரியும், வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் பிடிச்சதும் அணையும். நிக்கிற வண்டில எரியுதேன்னு பயப்பட வேண்டாம். ஓடும்போதும் எரிஞ்சா சென்சார் பக்கம் கோளாறு.

பின்னாடி யாரும் வராத இடமாப் பார்த்து, 30ல பின் பிரேக்கை மட்டும் அழுத்திப் பாருங்க. காலுக்கு அடியில துடிக்கும். அப்படித் துடிச்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம், காலை எடுக்காதீங்க. ஹிமாலயன்ல பின் சக்கர ஏ.பி.எஸ்.ஸை அணைச்சு வைக்கலாம். அது எப்படி இருக்குன்னு கிளம்பும் முன்னாடி டிஸ்ப்ளேல பாருங்க.

சூட்டைப் பத்தியும் ஒண்ணு: காலை பத்து மணிக்கு எந்த வண்டியும் சுடாது. மதியம் ஒரு மணிக்குப் போய், ரேடியேட்டர் ஃபேன் ஓடுற வரைக்கும் நெரிசல்ல நில்லுங்க. காத்து எந்தக் காலுக்கு அடிக்குது, முழங்காலா கணுக்காலான்னு தெரியும். ஃபேன் சத்தம் கேட்டு வண்டி கெட்டுப்போச்சுன்னு அணைச்சுடாதீங்க.

தேவனாம்பட்டினம்

கடல் பக்கம் இருக்கிறவங்க டெமோ வண்டியை வேற மாதிரி பார்க்கலாம். நாலஞ்சு மாசம் உப்புக் காத்துல நின்ன வண்டி அது. சைலன்சர் போல்ட், ஸ்போக் முனை, ஹேண்டில் பார் ஓரம், சீட்டுக்கு அடியில வெல்டிங் இதையெல்லாம் டார்ச் அடிச்சுப் பாருங்க. எங்க துரு ஆரம்பிச்சிருக்கோ, நம்ம வண்டிலயும் முதல்ல அங்கதான் வரும். ஸ்போக் சக்கரத்துல இது சீக்கிரம் தெரியும்.

அப்புறம், வீட்டுல இருக்கிறவங்களையும் பின்னாடி உட்கார வெச்சு ஒரு ரவுண்டு. புடவையோட ஒரு பக்கமா உட்காருவாங்கன்னா சாரி கார்டு, கால் வைக்கிற இடம், பிடிச்சுக்கிற கம்பி மூணும் சரியா இருக்கான்னு அவங்கதான் சொல்ல முடியும். டெமோ வண்டில சாரி கார்டைக் கழட்டி வெச்சிருந்தா மாட்டித் தரச் சொல்லிட்டு ஏறுங்க.