மலிவாகக் கிடைத்த பழைய கிளாரினெட்டைச் சீர்செய்வது தகுமா?

புதுக்காற்று

கிளாரினெட் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அண்மையில் பழைய பொருட்களுக்கு நடுவே ஒரு கிளாரினெட் மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்ததால் வாங்கிவிட்டேன். உடல் கருப்பு நிறம்தான், ஆனால் வெளிச்சம் பட்ட பக்கம் மட்டும் பழுப்பும் பச்சையும் கலந்த நிறத்துக்கு மாறியிருக்கிறது. துளைகளை மூடும் சிறு மெத்தைகளான பேட்கள் காய்ந்து கிழிந்துள்ளன, இணைப்புகளில் கார்க் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது, இடக்கைச் சுண்டுவிரலால் அழுத்த வேண்டிய கீ ஒன்று ஒடிந்து அதன் துண்டு பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. தயாரிப்பாளரின் பெயர் எங்கும் இல்லை. இதைச் சீர்செய்து இதிலேயே கற்கலாமா?

சுருதிசுத்தம்

வேண்டாம் என்பதே என் பதில். தொடக்க நிலை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன். மேல் பகுதியில் ஒரே ஒரு பேட் மயிரிழை அளவுக்குக் கசிந்தாலும் கீழ்ச் சுரங்கள் பேச மறுக்கும், அல்லது கீச்சென்று மேலே தாவும். தேர்ந்த வாசிப்பாளர் அதைக் கருவியின் குறை என்று உடனே கண்டுகொள்வார். கற்பவரோ தன் ஊதலில்தான் குறை என்று எண்ணி, ஊதும்போது அதிரும் நாணல் பட்டையான ரீடைப் பல்லால் இறுக்கிக் கடிக்கவும் தேவைக்கு மேல் காற்றைத் தள்ளவும் பழகிவிடுவார். அந்தப் பழக்கத்தை நீக்குவது புதிதாகக் கற்பிப்பதைவிடக் கடினம். மேலும், பேட், கார்க், ஸ்பிரிங் அனைத்தையும் தொழில்நுட்பர் ஒருவரிடம் கொடுத்து மாற்றினால், இத்தகைய கருவி விற்கும் விலையைவிடக் கூலி கூடுதலாக வரும். நல்ல நிலையில் உள்ள கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தொடங்குங்கள்.

அரக்குவிரல்

சுருதிசுத்தம் அவர்கள் கசிவைப் பற்றிச் சொன்னது முழு உண்மை. ஆனால் அது சீர்செய்யாத கருவிக்குத்தான் பொருந்தும், சீர்செய்த கருவிக்குப் பொருந்தாது. பேட்டும் கார்க்கும் எவ்வளவு விலை உயர்ந்த கிளாரினெட்டிலும் தேய்ந்து மாற்றப்படுபவைதான். அவை போய்விட்டன என்பதற்காக ஒரு கருவியைத் தள்ளிவிடுவது நியாயமாகாது.

நீங்கள் சொல்லும் பழுப்புப் பச்சை நிறத்தைப் பார்த்தால் உடல் மரமன்று, எபோனைட் என்று தோன்றுகிறது. கந்தகம் சேர்த்து இறுக்கிய அந்த ரப்பர் வெளிச்சத்தில் இப்படித்தான் நிறம் மாறும். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்து முகர்ந்தால் கந்தக வாடை வரும். கிரெனடில்லா மரத்தைப் போல் அது ஈரப்பத மாற்றத்தால் வெடிக்காது என்பது உங்களுக்குச் சாதகமான செய்தி. வெந்நீரில் மட்டும் கழுவிவிடாதீர்கள், நிறம் இன்னும் கெடும்.

பேட் வேலை பொறுமை இருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடியதுதான். கீயின் கிண்ணத்தில் அரக்கை உருக்கிவிட்டு, பேட்டை வைத்து, அரக்கு இளகியிருக்கும்போதே கீயை மெல்ல மூடி, துளையின் விளிம்பு பேட்டில் சீரான வட்டமாகப் பதியும்படி அமர்த்த வேண்டும். பிறகு சிகரெட் தாளை மெல்லிய பட்டையாக வெட்டி, பேட்டுக்கும் விளிம்புக்கும் இடையே வைத்து, கீயை லேசாக மூடிக்கொண்டு இழுத்துப் பார்க்க வேண்டும். சுற்றிலும் எல்லாத் திசையிலும் ஒரே பிடிப்பு இருந்தால் பேட் அமர்ந்துவிட்டது. ஒரு பக்கம் வழுக்கினால் மீண்டும் சூடாக்க வேண்டும்.

முடிவெடுக்கும் முன் துளைகளின் விளிம்புகள் உடையாமல் இருக்கின்றனவா என்றும், ஒடிந்த கீயின் முறிவு எப்படி இருக்கிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

பழங்கருவி

இருவருக்கும் முந்திய கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கருவி எந்தச் சுருதிக்குச் செய்யப்பட்டது? ஏ சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்ற அளவை 1939இல் லண்டனில் கூடிய மாநாடு பரிந்துரைத்தது. அதற்கு முன்னர் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 450க்கும் மேற்பட்ட உயர் சுருதியில் பல கிளாரினெட்டுகள் செய்யப்பட்டன. அந்த வேறுபாடு ஏறத்தாழ அரைச் சுரத்தில் பாதி இருக்கும். வாயில் வைக்கும் மவுத்பீஸுக்கு அடுத்துள்ள குழாய்த் துண்டான பேரலை நீளமாகப் போட்டுச் சரிக்கட்டலாம் என்று சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். பேரலுக்கு அருகில் உள்ள துளைகளின் சுரங்கள் மிகுதியாகவும், தொலைவில் உள்ளவை குறைவாகவும் இறங்குவதால், சுரங்களுக்கு இடையிலான உறவே குலைந்துவிடும். சாதாரண பி பிளாட் கிளாரினெட் மவுத்பீஸ் நீங்கலாக ஏறத்தாழ 60 செ.மீ. இருக்கும், உங்களுடையதை அளந்து பாருங்கள்.

கீகளையும் எண்ணுங்கள். 17 கீகளும், துளைகளைச் சுற்றி 6 வளையங்களும் இருந்தால், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பாரிஸில் வாசிப்பாளர் குளோசேயும் கருவி தயாரிப்பாளர் பூஃபேயும் சேர்ந்து வகுத்த, போம் முறை எனப்படும் கீ அமைப்பு. 13 கீகள் என்றால் பழைய முறை, அதற்கு விரலிடும் விதமே வேறு.

புதுக்காற்று

அளந்து பார்த்தேன். 60 செ.மீ.க்கு மிக அருகில் இருக்கிறது. 17 கீகள், 6 வளையங்கள். விளிம்புகள் முழுமையாக உள்ளன. ஒடிந்தது சி ஷார்ப் சுரத்துக்குரிய இடக்கைக் கீ. முறிவை உருப்பெருக்கியில் பார்த்தால் மேலே வெள்ளி போன்ற மெல்லிய பூச்சும், உள்ளே சாம்பல் நிறத்தில் சர்க்கரைப் பரல் போன்ற சொரசொரப்பும் தெரிகின்றன. வளைந்து ஒடிந்ததற்கான அடையாளமே இல்லை.

சுருதிசுத்தம்

அது துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்த மலிவான கீ. துத்தநாகம் 419 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஒடிந்ததை ஒட்டும் வெள்ளிப் பற்றாசுக்கு 600 டிகிரிக்கும் மேல் சூடு வேண்டும். ஒட்டுவதற்குள் கீயே உருகிவிடும். வேறொரு கருவியின் கீயை எடுத்துப் பொருத்தலாம் என்றால், கீயைத் தாங்கும் தூண்களின் இடைவெளி ஒத்துவராது. ஒரு கீ அந்த உலோகம் என்றால் மற்றவையும் அதுவாகவே இருக்கும். பேட்களைச் சரிசெய்யும்போது கீகளை ஆங்காங்கே சிறிது வளைக்க நேரும். நிக்கல் சில்வர் கீகள் வளைந்துகொடுக்கும், இவை ஒடியும்.

அரக்குவிரல்

உலோகத்தைப் பற்றி உங்களோடு எனக்கு வேறுபாடில்லை. ஆனால் கீயை வளைத்துத்தான் பேட்டை அமர்த்த வேண்டும் என்பதில்லை. அரக்கைச் சற்றுத் தடிமனாக விட்டு, கீயைத் தொடாமல் பேட்டையே சாய்த்து அமர்த்தலாம். வார்ப்புக் கீகள் கொண்ட கருவிகளை அப்படித்தான் கையாள வேண்டும். ஒடிந்த கீக்கும் ஒரு வழி உண்டு. அந்தச் சி ஷார்ப்புக்கு வலக்கைச் சுண்டுவிரலில் இணையான கீ இருக்கிறது, பேட்டும் அதில்தான் உள்ளது. இடக்கைக் கீ இல்லாவிட்டாலும் கசிவு ஏற்படாது, சுரமும் கிடைக்கும்.

சுருதிசுத்தம்

சுரம் கிடைக்கும், தொடர் கிடைக்காது. டி ஷார்ப்புக்கு இந்தக் கருவியில் வலக்கைச் சுண்டுவிரல் மட்டுமே உண்டு. ஈ மேஜர் ஸ்கேலில் பி, சி ஷார்ப், டி ஷார்ப் அடுத்தடுத்து வரும்போது சி ஷார்ப்பை இடக்கையால் எடுத்தாக வேண்டும். இல்லையென்றால் ஒரே விரலைக் கீக்குக் கீ வழுக்க நேரும். கற்பவர் அங்கே தவறான விரலிடுதலைப் பழகுவார். நான் முதலிலேயே அஞ்சியது இதைத்தான்.

பழங்கருவி

செலவு செய்யும் முன் உடலைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். கீகளைக் கழற்றி, எல்லாத் துளைகளையும் ஒட்டுநாடாவால் அடைத்து, நல்ல நிலையில் உள்ள மவுத்பீஸையும் ரீடையும் பொருத்தி ஊதுங்கள். அடி ஈ சுரம் திடமாக வர வேண்டும். பிறகு மேல் சுரங்களுக்குத் தாவ உதவும் ரெஜிஸ்டர் துளையை மட்டும் திறந்தால், புல்லாங்குழலைப் போல் மேல் ஷட்ஜம் வராது, மேல் ஸ்தாயிப் பஞ்சமம் வரும். அதாவது அந்த ஈக்கு மேல் பன்னிரண்டாவதாக அமையும் பி. இரண்டையும் சுருதி காட்டும் ட்யூனரில் பாருங்கள். அந்த இடைவெளி வெகுவாகப் பிசகினால், எவ்வளவு நல்ல பேட் போட்டாலும் பயனில்லை.

புதுக்காற்று

அனைவருக்கும் நன்றி. கற்பதற்கு வாடகைக் கருவியையே எடுக்கப்போகிறேன். ஈ மேஜர் பற்றிச் சொன்னது என்னை முழுதாக ஒப்ப வைத்துவிட்டது. வாடகைக் கருவியின் மவுத்பீஸை வைத்தே ஒட்டுநாடாச் சோதனையைச் செய்வேன். அந்த இரண்டு சுரங்களும் சரியாக இருந்தால், அரக்குவிரல் அவர்கள் சொன்னபடி எந்தக் கீயையும் வளைக்காமல் மேல் பகுதிக்கு மட்டும் முதலில் பேட் போட்டுப் பார்ப்பேன். அந்த வேலையின்போது இன்னொரு கீ ஒடிந்தால் அத்துடன் நிறுத்திவிடுவேன்.