அம்மாவின் கண் அமுக்கம் இறங்கவில்லை, வால்வு வைத்தவர்கள் சொல்லுங்கள்

நாங்கள் புதுக்குடியிருப்புப் பக்கம். அம்மாவுக்கு 63 வயது, சீனி வருத்தம் 17 வருடமாக. மாசியில் வலது கண் சிவந்து, தலையிடியும் சத்தியும் வந்தன. பீனிசம் என்று நினைத்து இரண்டு கிழமை வீணாகப் போய்விட்டது, அது இன்னும் மனதை அறுக்கிறது. கதிராளியில், அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிற வளையத்தில், புது இரத்தக் குழாய்கள் முளைத்து நீர் வடியும் வழியை அடைத்துவிட்டன, நியோவாஸ்குலர் குளுக்கோமா என்றார்கள். அமுக்கம் 48. சாதாரணமாக 21க்குள் இருக்க வேண்டும்.

அமுக்கம் குறைக்கும் டிமோலோல், டோர்சோலமைட் துளிகள் நேரம் தவறாமல் விடுகிறோம். அதற்கே தந்த அசெட்டசோலமைட் குளிசையில் கைகால் விறைத்தது. சிறுநீரகமும் பலவீனம் என்பதால் நிறுத்தினார்கள். விழித்திரைக்கு லேசர் 3 தரம். கண்ணுக்குள் அவஸ்டின் ஊசி 2 தரம். போட்டதும் குழாய்கள் சுருங்கின, ஆறு கிழமையில் திரும்பி வந்தன.

இப்போது அமுக்கம் 34. கை அசைவு மட்டும் தெரிகிறது. இரவில் நோவில் எழுந்து இருந்துவிடுகிறா. இடது கண் நல்லாக இருக்கிறது, அதையாவது காப்பாற்றச் சீனியையும் பிரஷரையும் இறுக்கிப் பார்க்கிறோம்.

இனி கண்ணுக்குள் இருக்கும் நீரை வெளியே வடியவிடும் சின்னக் குழாயான அஹ்மத் வால்வு, இல்லாவிட்டால் நீர் சுரக்கும் இடத்தை டயோட் லேசரால் சுடுவது என்கிறார்கள்.

இந்த நிலையில் வால்வு வைத்தவர்களுக்கு, ஒரு வருடம் கழித்தும் அமுக்கமும் நோவும் அடங்கியே இருக்கின்றனவா?