டிரெய்லரை ரிவர்ஸில் தள்ளும்போது கியர்பாக்ஸ் சூடேறிய அனுபவம் யாருக்காவது உண்டா?

ஆயர் ஈத்தாம்வாசி

இரண்டு ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சம்பவத்தை எழுதுகிறேன். இங்கே பெரும்பாலோர் பிக்கப்பில் டிரெய்லர் இழுப்பவர்கள் என்பதால் அடிப்படையிலிருந்து தொடங்கவில்லை. தைப்பூச ரதம் புறப்படுவதற்கு முந்தைய இரவு, பினாங்கின் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் எங்கள் தண்ணீர்ப் பந்தலுக்கு ஜெனரேட்டர் கொண்டுபோனேன். டிரெய்லரோடு சேர்த்து 1.5 டன் இருக்கும். ரதத்திற்கு உடைப்பதற்காகச் சாலையோரம் முழுவதும் தேங்காய்களைக் குவித்து வைத்திருந்ததால் முன்பக்கமாக நுழைய வழியில்லை. பக்கத்துச் சந்தில், ஏற்றத்தில், ஏறத்தாழ 70 மீட்டர் ரிவர்ஸிலேயே தள்ள வேண்டியிருந்தது.

டிரெய்லர் மூன்று முறை கோணிக்கொண்டது. ஒவ்வொரு முறையும் முன்னால் எடுத்து, நேராக்கி, மறுபடியும் தள்ளினேன். இடையில் ஆட்கள் குறுக்கே போனபோது பிரேக்கை மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரை இலேசாக அழுத்தியே ஏற்றத்தில் வண்டியை நிறுத்திப் பிடித்திருந்தேன். அப்போது இனிப்பு கருகுவதுபோல ஒரு வாடை வந்தது. பந்தலில் சர்பத்துக்குச் சர்க்கரைப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். "அண்ணே, பாகு அடிபிடிக்கிறது, பாருங்கள்" என்று நானே சன்னல் வழியாகச் சத்தம் போட்டேன். அவர் கரண்டியைத் தூக்கிக் காட்டி, இங்கே ஒன்றும் கருகவில்லை என்று தலையாட்டினார். அடுத்த நிமிடம் கியர் எண்ணெய்ச் சூட்டுக்கான மஞ்சள் விளக்கு எரிந்தது. என்ஜின் வெப்பமுள்ளோ அசையாமல் நடுவிலேயே நின்றது. மறுவாரம் வடித்தபோது கியர் எண்ணெய் கோப்பி நிறத்தில் இருந்தது. அவ்வளவு குறைந்த தூரத்தில் எப்படி இது நடந்தது என்று எனக்கு இன்றுவரை முழுமையாகப் பிடிபடவில்லை.

செந்தூல் சுமைக்காரன்

தூரம் இதற்குக் காரணமே இல்லை, ஐயா. நான் கோலாலம்பூரில் சாப்பாட்டுக் கடை டிரெய்லர் ஒன்றை வாரம் நான்கு நாள் இழுக்கிறேன். வண்டியின் கணினித் தகவலைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகி, கியர் எண்ணெயின் வெப்பத்தைக் கைபேசியில் பார்ப்பது வழக்கம். கோம்பாக்கிலிருந்து காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா வரைக்கும் ஏறினாலும் 98 டிகிரியைத் தாண்டியதில்லை. அதே வண்டி, என் வீட்டுப் பின்சந்தில் டிரெய்லரை நான்கு நிமிடம் முன்னும் பின்னும் ஆட்டியபோது 121 காட்டியது. மலையை வெற்றிகரமாக ஏறி வந்தவன் வீட்டு வாசலில் திகைத்து நின்றேன். அன்றிலிருந்து முதல் முயற்சியில் சரியாகப் போகவில்லையென்றால் நிறுத்திவிட்டு, இறங்கி, கொக்கியைக் கழற்றி, இரண்டு பேரை வைத்துக் கையால் தள்ளிவிடுகிறேன்.

பட்டர்வொர்த் பழைய லோரிக்காரர்

ஆயர் ஈத்தாம் தம்பி கேட்டது "எப்படி" என்ற கேள்வி என்பதால் அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். ஆட்டோ கியரில் என்ஜினுக்கும் சக்கரத்திற்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. என்ஜின் பக்கத்து விசிறி எண்ணெயைச் சுழற்றி வீச, அந்த எண்ணெய் மறுபக்கத்து விசிறியைத் திருப்புகிறது. நெடுஞ்சாலையில் உள்ளிருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டையும் கட்டிவிடுவதால் வழுக்கல் இல்லை, சூடும் குறைவு. ரிவர்ஸில் அந்தக் கிளட்ச் பொதுவாகப் பிடிப்பதில்லை. சக்கரம் நின்றிருக்க என்ஜின் மட்டும் இரைந்தால், அந்தச் சக்தி முழுவதும் எண்ணெயைக் கடைந்து சூடாக்குவதில்தான் போகும். தம்பி ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நின்றாரே, அந்தச் சில விநாடிகள்தான் மிக மோசமானவை. அந்த வேகத்தில், எண்ணெயை ஆற்றும் கூலருக்குள் காற்றும் சரியாகப் போகாது.

என் சொந்த அனுபவம் சிறியது: பிறை துறைமுகப் பகுதியில் ஒருமுறை இப்படிக் கெடுத்து, பழுதுபார்க்க ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் கட்டினேன். அதைவிட, செய்ய வேண்டியதைச் சொல்வதே பயன்.

நிற்கும்போது கால் பிரேக்கில் இருக்கட்டும். ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது வண்டி முழுமையாக நின்ற பிறகு மாற்றி, கியர் பிடிக்கும் அந்த இலேசான உதறலை உணர்ந்த பின்னரே ஆக்ஸிலரேட்டரைத் தொட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகள் தேயும். ஸ்டீயரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டால், டிரெய்லரின் பின்பகுதி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே கையை நகர்த்தினால் போதும். குட்டையான டிரெய்லர் பட்டென்று கோணிக்கொள்ளும், நீளமானது மெதுவாகத் திரும்பும். ஆகவே சிறியதுதானே என்று யாரும் அலட்சியப்படுத்த வேண்டாம். வேலை முடிந்தவுடன் என்ஜினை அணைத்துவிடாமல், கைப்பிரேக்கைப் போட்டு, நியூட்ரலில் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டால் எண்ணெய் கூலர் வழியாகச் சுற்றி வந்து ஆறும். பார்க் நிலையில் சில பழைய கியர்பாக்ஸ்களில் எண்ணெய் கூலருக்குப் போவதே இல்லை என்பதால் நியூட்ரல் என்கிறேன். எல்லாவற்றுக்கும் மேலாக, நான்கு சக்கர ஓட்டமுள்ள வண்டி வைத்திருப்பவர்கள் 4எல்-ஐ, அதாவது நான்கு சக்கரமும் தாழ்ந்த கியரில் ஓடும் நிலையை, போட்டுத் தள்ளுங்கள். அதில் கியர் விகிதம் இரண்டரை மடங்கு கூடுவதால் கன்வெர்ட்டர் திணறாது. இதைச் செய்யாமல் ரிவர்ஸ் எடுப்பவர்களை எனக்குப் புரியவே இல்லை.

தெலுக் கும்பார் படகுக்காரன்

மூத்தவர் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன், 4எல் பற்றிச் சொன்னதைத் தவிர. பெரும்பாலான பிக்கப்களில் 4எல் போட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகக் கட்டப்படுகின்றன. காய்ந்த தார்ச்சாலையில், அதுவும் டிரெய்லரை வளைத்துத் திருப்பும்போது, முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓட வேண்டும். கட்டிப்போட்டிருப்பதால் ஓட முடியாது. அந்த இறுக்கம், இரு அச்சுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் பெட்டியில் போய் முடியும். நேராகத் தள்ளும்போது பாதகமில்லை. வளைவில், சந்தில், சிமெண்டுத் தரையில் எல்லாருக்கும் பொதுவாக இப்படிச் சொல்லிவிடுவது சரியன்று.

படகு இறக்கும் சரிவில் ரிவர்ஸ் எடுப்பதுதான் கியர்பாக்ஸைக் கொல்கிறது என்று பலர் பேசுவதையும் கேட்டிருக்கிறேன். இறக்கத்தில் பின்னால் போவதற்கு என்ன சக்தி வேண்டும்? படகோடு டிரெய்லரைப் பாசி படிந்த சரிவில் முன்னால் இழுத்து ஏற்றும்போதுதான் பாரம் வருகிறது. நான் 4எல் போடுவது அங்கேதான், நேர்கோட்டில், ஈரத்தரையில்.

ஆயர் ஈத்தாம் நண்பரிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த டிரெய்லருக்குத் தானியங்கு பிரேக் உண்டா? அதாவது, முன்னால் போகும் வண்டி வேகத்தைக் குறைக்கும்போது, டிரெய்லர் வந்து நெருக்குகிற அழுத்தத்தால் கொக்கித் தண்டு உள்ளே சென்று பிரேக்கைப் பிடிக்கும் வகை. பழைய மாதிரியாக இருந்தால், ரிவர்ஸில் ஏற்றத்தில் தள்ளும்போதும் அதே தண்டு உள்ளே அமுங்கும். நீங்கள் எவ்வளவு தள்ளுகிறீர்களோ அவ்வளவு இறுக்கமாக டிரெய்லர் பிரேக் பிடிக்கும். அதற்காகவே இணைப்பின் மேல் ஒரு சிறு நெம்புகோல் வைத்திருப்பார்கள். ரிவர்ஸ் எடுக்குமுன் அதை மடக்கிவிட்டால் தண்டு அமுங்காது. புதிய டிரெய்லர்களில் சக்கரம் பின்னோக்கிச் சுழலும்போது பிரேக் தானே விட்டுக்கொடுக்கும். நான் முதல் படகை வாங்கியபோது இது தெரியாமல், அண்ணன் வீட்டு மேட்டில் ஏறாத டிரெய்லரை ஏற்ற முயன்று, பக்கத்து வீட்டு அக்கா வந்து எதை எரிக்கிறீர்கள் என்று கேட்கும்வரை ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டிருந்தேன்.

பட்டறைப் பையன், சுங்கை டூவா

என் முதலாளியின் பட்டறையில் பார்த்த ஒன்று. டிரெய்லர் இழுத்துவந்த ஒரு பிக்கப்பின் கியர் எண்ணெயை வடித்தபோது பாத்திரத்தில் விழுந்தது சிராப் பண்டுங் நிறத்தில் இருந்தது, அதே ரோஜாப்பூப் பால். ரேடியேட்டருக்குள் இருக்கும் எண்ணெய்க் கூலர் வெடித்து, குளிர்நீரும் கியர் எண்ணெயும் கலந்துவிட்டன. உரிமையாளர் சில நாள்களுக்கு முன்பே கியர் மாறும்போது நடுக்கம் இருந்ததாகச் சொன்னார், ஆனால் வண்டி ஓடியதால் விட்டுவிட்டாராம்.

இன்னொன்றும் சொல்கிறேன், யாரும் கேட்கவில்லை என்றாலும். பெரிய கூலர் மாட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று வருகிறார்கள். வண்டி நகராமல் சந்தில் திணறும்போது காற்று இல்லாத கூலர் வெறும் இரும்புதான். அதற்குத் தனி மின்விசிறி வேண்டும். இப்போதைய வண்டிகள் பலவற்றில் எண்ணெய் அளக்கும் குச்சியும் இல்லை. கையேட்டில் சொன்ன குறைந்த சூட்டில், என்ஜின் ஓடும்போது, அடியிலுள்ள திருகைக் கழற்றி வழிவதைப் பார்த்துத்தான் அளவு தெரியும். எண்ணெய் சுமார் 10 டிகிரி கூடுதலாகச் சூடேறும்போதெல்லாம் அதன் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் கைக்கணக்கு. வடித்த எண்ணெயை விரலில் எடுத்து மோந்து பாருங்கள். கருகிய வாடை வந்தால் அடுத்த மாதம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஆயர் ஈத்தாம்வாசி

தெலுக் கும்பார் நண்பருக்கு நன்றி. நேற்று மாலை கோயில் கொட்டகைக்குப் போய் டிரெய்லரைப் பார்த்தேன். நெம்புகோல் இருந்தது. ஆனால் யாரோ பல ஆண்டுகளுக்கு முன் கொக்கி, தண்டு, நெம்புகோல் எல்லாவற்றின்மீதும் சேர்த்து வெள்ளிச் சாயம் பூசியிருந்தார்கள். சுத்தியலால் தட்டி, எண்ணெய் விட்டு, கால் மணிநேரம் ஆட்டிய பிறகே அது மடங்கியது. சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் லைனிங் கண்ணாடிபோலப் பளபளத்தது, பிரேக் டிரம் நீலம் பாய்ந்திருந்தது. அன்று அந்தச் சந்தில் நான் ஜெனரேட்டரை மட்டும் தள்ளவில்லை என்று தெரிகிறது.

பட்டர்வொர்த் மூத்தவருக்கு ஒரு வார்த்தை: நீங்கள் சொன்னதில் பிரேக்கில் கால் வைப்பதை மட்டும் இப்போதே செய்யத் தொடங்கிவிட்டேன். 4எல் பற்றிய சண்டையில் நான் சேரவில்லை, என் வண்டிக்கு இரண்டு சக்கர ஓட்டம்தான். பாகு காய்ச்சிய அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தத் தைப்பூசத்துக்கும் அவர்தான் அடுப்படியில் இருப்பார்.