வாழைக்கு பொட்டாஷ் கூடிப்போய் அடிபட்டவங்க உண்டா? அனுபவத்தைப் போடுங்க

வாய்க்கால்கரை
மூணு வருஷம் ஆச்சு, இன்னும் உறுத்துது. பூவன், ஏழாம் மாசம், கீழ் இலையெல்லாம் மஞ்சள். சாம்பல் சத்து, அதான் பொட்டாசியம், குறைன்னு நானே முடிவு கட்டிட்டேன். மரத்துக்கு 330 கிராம் சாம்பல் சத்துன்னா பொட்டாஷ் உரமா 550 கிராம்தான் கணக்கு. நான் ஒரு கிலோவைத் தாண்டிட்டேன். மஞ்சள் அடுத்த இலைக்கும் ஏறுச்சு.

பக்கத்து வயல் பெரியவர் வந்தார். மரத்துல ஒரு பட்டையைப் பிடிச்சு இழுத்தார், வெங்காயத் தோலாட்டம் கழண்டு கையோட வந்துருச்சு. இலைக்காம்பைத் திருப்பிக் காட்டினார், ஊதா ஊதாவா திட்டு. "தம்பி, நீ கொட்டுன பொட்டாஷ் மக்னீசியத்தை உள்ள விடல"ன்னார். பட்டை வெடுக்குனு வந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு.

நேந்திரன் கோபி
இதைப் படிச்சுட்டு நாலு பேர் பொட்டாஷை நிறுத்தப் போறாங்க. எல்லா மஞ்சளும் மக்னீசியம் இல்லைங்க. என்னோடது செம்மண். உரம் வாங்கக் காசில்லாம பொட்டாஷை ஒரு தவணை விட்டேன். பழைய இலை ஆரஞ்சு மஞ்சளாகி, நுனி உள்பக்கம் சுருண்டு, நடுநரம்போட மடிஞ்சு தொங்குச்சு. காலைல பாத்தா தோப்பே தலை குனிஞ்சு நிக்குது. தாரைப் பத்திக் கேக்காதீங்க.

மக்னீசியம்னா இலை ஓரம் பச்சையா இருக்கும், ஓரத்துக்கும் நடுநரம்புக்கும் நடுவுலதான் வெளுக்கும். உங்க இலை ஓரம் எப்படி இருந்துச்சு? அதைச் சொல்லவே இல்லையே.

பழைய லேப்காரி
ரெண்டு பேர் சொல்றதும் ஒரே தராசோட ரெண்டு தட்டு. இலைப் பரிசோதனை லேப்ல இருந்தேன். வாழைன்னா மேலிருந்து மூணாவது இலையோட நடுப்பகுதி வரும். பொட்டாசியம் ஏறின மாதிரில கால்சியமும் மக்னீசியமும் இறங்கியிருக்கும். மின்னூட்டக் கணக்குல மூணையும் கூட்டினா மொத்தம் பெருசா மாறாது.

எனக்கு மறக்காதது வேற. இலையை உலைல வெச்சு எடுத்த சாம்பல்ல முதல் தடவை அமிலம் விட்டேன், சோடா மாதிரி பொங்குச்சு. உயிருள்ள இலைல பொட்டாசியத்துக்கு ஜோடியா மாலிக் மாதிரி அமிலங்கள் இருக்கும். எரிச்சா அது போய் கார்பனேட் மிஞ்சுது. எங்க அம்மாச்சி வாழைப்பட்டைச் சாம்பல்ல துணி ஊறவெச்சது இதை நம்பித்தான். அசாம்ல வாழைச் சாம்பல் கரைசலை வடிச்சு சமையல்லயே சேக்குறாங்க.

பொட்டாசியம் ரொம்பக் குறைஞ்சா இலை புட்ரெசின்னு ஒண்ணைச் சேத்து வெச்சுக்கும், நேர் மின்னூட்டத்துக்கு ஆள் வேணுமே! 1952லயே பார்லி இலைல கண்டுபிடிச்சது. அழுகுன இறைச்சில இருக்கிற அதே சரக்கு.

பன்னீர் கொடி
நான் கம்பம் பக்கம், திராட்சை. ஒரு வருஷம் பொட்டாஷ் கூடி பழம் சப்புனு ஆகிடுச்சு. வியாபாரி ஒண்ணை வாய்ல போட்டுட்டுத் துப்பினார். என் கதை அவ்வளவுதான். பொட்டாசியம் கூடினா டார்டாரிக் அமிலம் உப்பாகிப் படிஞ்சுடும், புளிப்பு செத்துடும்.

இனி கவனிங்க. சிவப்பு பொட்டாஷ்ல குளோரைடு இருக்கு. அதுவே பொட்டாசியத்துக்கு ஜோடியா உள்ள போறதால இலை தன் அமிலத்தைக் கம்மியாத்தான் செய்யும். சல்பேட் பொட்டாஷ்ல சல்பேட் மெதுவாத்தான் ஏறும், அந்தக் குறையை இலை மாலிக் அமிலம் செஞ்சு சரிக்கட்டும். ரெண்டும் ஒண்ணுன்னு உரக்கடைல சொன்னா நம்பாதீங்க. உப்புத் தண்ணி கிணறுன்னா சிவப்புப் பக்கமே போகாதீங்க. மொத்தமாக் கொட்டாம தவணை பிரிச்சுப் போடுங்க. சொட்டுநீர் தொட்டில சல்பேட் பொட்டாஷையும் கால்சியம் நைட்ரேட்டையும் ஒண்ணாக் கலக்காதீங்க, ஜிப்சமாப் படிஞ்சு குழாய் அடைச்சுக்கும். எப்சம் உப்பையும் (மக்னீசியம் சல்பேட்) கால்சியம் நைட்ரேட்டோட கலக்காதீங்க. ஃபில்டரை வாரம் ஒருக்கா கழுவுங்க. லேட்டரல்ங்கிற பக்கக் குழாயோட கடைசி மூடியைத் திறந்து விடுங்க. பொழுது சாய்ஞ்சு...

வாய்க்கால்கரை
கோபி அண்ணா, போட்டோ தேடி எடுத்தேன். பெரியவர் கைல பட்டை, பின்னாடி இலை. ஓரம் பச்சைதான்.

திராட்சை அண்ணா, எனக்கு வாய்க்கால் பாசனம். சொட்டுநீரே கிடையாது.