சாவியை எடுத்தாலும் 240டி நிற்குதில்லை, ஒரு கதவும் பூட்டுதில்லை. வெக்யூம் பம்ப் போச்சா?

கேள்வி: நுவரெலியா டீசல்

பென்ஸ் டபிள்யூ123, 240டி, 1979, ஓஎம்616 எஞ்சின். இதில் எஞ்சினை நிறுத்துவதும் கதவுகளைப் பூட்டுவதும் வெக்யூம் பம்பின் இழுவைதான். ஓட்டம் நுவரெலியா, நானுஓயா, ஹட்டன் பக்கம்தான்.

சாவியைத் திருப்பினால் எஞ்சின் 5, 6 விநாடி இழுத்துத்தான் நிற்குது. கதவை இரண்டு மூன்று தரம் பூட்டித் திறந்தபிறகு என்றால் நிற்கவே நிற்காது, போனட்டைத் திறந்து ஸ்டாப் லீவரை அமுக்க வேண்டும். ஓட்டுநர் கதவைப் பூட்டும்போது பின் இடது கதவு மட்டும் அப்படியே கிடக்குது. பிரேக்கில் குறை இல்லை. பம்பிலிருந்து வரும் பெரிய குழாயில் கேஜ் வைத்தால் ஐட்லிங்கில் 17 அங்குலம் காட்டுது. "20க்கு மேல் வேணும், பம்ப் மாத்துங்க" என்கிறார் கராஜ் பாஸ். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய் பழைய பம்ப் தேடுவதற்கு முன் வேறு எதைப் பார்க்கலாம்? யாரோ எஞ்சினை நிறுத்தும் கபில நிறக் குழாய்க்குப் பதிலாக சேலைன் டியூப் போட்டிருக்கிறார்கள்.

பதில் 1: ஹட்டன் கேஜ்

பம்ப் நல்லாத்தான் இருக்கு. பாஸ் சொல்ற 20 கொழும்புக் கணக்கு. கேஜ் காட்டுறது வெளிக்காற்றுக்கும் குழாய்க்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 30 அங்குலப் பாதரசம். நுவரெலியா 1868 மீட்டர், அங்கே ஏறக்குறைய 24தான். 1000 அடிக்கு ஒரு அங்குலம் குறையும் என்று வைத்துக்கொள்ளுங்க. உங்க 17ஐ கீழே கொண்டுபோனால் 21க்கு மேல் காட்டும்.

கதவைப் பூட்டித் திறந்தால் எஞ்சின் நிற்காது என்கிறீர்களே, பதில் அதிலேயே இருக்கு. ஒழுக்கு பூட்டுப் பக்கம். பம்ப் ஒன்று, தின்கிறவர் பலர். கதவு தின்றுவிட்டால் எஞ்சினை நிறுத்த மிச்சம் இருக்காது.

முதலில் பம்ப் குழாயின் கிளையிலிருந்து கதவுப் பூட்டுகளுக்குப் போகும் மஞ்சள் குழாயைக் கழற்றி அந்த வாயை அடைங்க. ரப்பர் மூடி கிடைக்காவிட்டால் ஒரு சின்ன ஸ்க்ரூவை இறுக்கிச் செருகினாலும் போதும். எஞ்சினை ஓடவிட்டு சாவியைத் திருப்புங்க. ஒரு விநாடியில் நின்றால் கபிலக் குழாய், சாவியோடு இருக்கும் வால்வு, பம்ப் மூன்றிலும் குறை இல்லை.

பிறகு கை வெக்யூம் பம்ப். ஓட்டுநர் கதவுதான் தலைவர்: அதிலுள்ள வால்வு, மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட குழாய்க்கோ பச்சைக் கோடு போட்டதற்கோ இழுவையை மாற்றிவிடும். ஒவ்வொன்றிலும் 15 வரை இழுத்து ஒரு நிமிடம் பாருங்க. முள் சரிந்தால் கதவு கதவாகக் கிளையை அடைச்சுக்கொண்டே போங்க. டீசல் டாங்கி மூடிக்கும் டிக்கிக்கும் தனிக் கிளை உண்டு, பலர் அதை மறந்துவிடுவார்கள். பூட்டு மோட்டாருக்குள் (இழுவையால் பூட்டை அசைக்கும் பெட்டி) உள்ள டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு கிழிந்திருந்தால் இரண்டு குழாயிலும் ஒழுகும். தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் மட்டும் போயிருந்தால் ஒன்றில்தான்.

பதில் 2: பண்டாரவளை

மேலே சொன்னது சரி. ஆனால் 17 என்ற எண்ணை மட்டும் நம்பாதீங்க. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணியதிலிருந்து அந்த 17 வர எவ்வளவு நேரம் எடுக்குது என்றும் பாருங்க; மெல்ல ஏறினால் பம்ப் வால்வு தேய்ந்திருக்கலாம். எஞ்சின் முன்பக்கம் டக் டக் என்ற சத்தம் இருந்தால் பம்பை உடனே கழற்றிப் பார்க்கணும். உள்ளே ரோலர் பெயாரிங் உடைந்தால் துண்டுகள் டைமிங் செயின் பக்கம் போகும், பிறகு எஞ்சினே போச்சு.

சேலைன் டியூப்பைத் தூக்கி எறிங்க. எஞ்சின் சூட்டில் இளகி, இழுக்கும்போது உள்ளே ஒட்டிக்கொள்ளும். கடினமான பிளாஸ்டிக் குழாயும் முனையில் ரப்பர் இணைப்பும்தான் சரி. பெரும்பாலும் குழாய் கெடுவதில்லை, அந்த ரப்பர்தான் காய்ந்து வெடிக்கும்.

டியூப்பைக் கழற்றும்போது உள்ளே எண்ணெய் இருக்கா என்று பாருங்க. இருந்தால் இன்ஜெக்டர் பம்பின் பின்னால் உள்ள நிறுத்தும் வால்வின் டயஃப்ரம் கிழிந்து, எஞ்சின் ஒயிலை சாவி வால்வு வரை இழுத்திருக்கு. இரண்டு 10 மில்லிமீட்டர் போல்ட்தான். ஆனால் திரும்ப மாட்டும்போது அதன் கொக்கி உள்ளே சரியாகப் பிடிபட வேண்டும். பிடிபடாமல் ஸ்டார்ட் பண்ணினால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் ஏறலாம், ஆகவே ஸ்டாப் லீவர் பக்கத்தில் ஆள் நிற்கட்டும்.

பிரேக்கும் இதே பம்பில்தான். எஞ்சினை நிறுத்திவிட்டு பெடலை அமுக்குங்க. இரண்டு மூன்று தரமாவது மெதுவாக இறங்க வேண்டும். முதல் அமுக்கலிலேயே கல்லு மாதிரி நின்றால் பூஸ்டரின் (இழுவையால் பிரேக்குக்கு உதவும் பாகம்) ஒருவழி வால்வு போச்சு. அதை மாற்றாமல் ரம்பொடை இறக்கத்துக்குப் போக வேண்டாம்.

இடையில் ஒரு கேள்வி: பழைய அங்ளியா

ஃபோர்ட் 100ஈ, வெக்யூம் வைப்பர். ஏத்தத்தில் மழை என்றால் வைப்பர் நின்றே போகுது. இதுவும் உயரத்தாலா?

பதில் 3: ஹட்டன் கேஜ்

பாதி உயரம், பாதி உங்க கால். அது பெட்ரோல் எஞ்சின், இழுவை இன்லெட் மெனிஃபோல்டிலிருந்து வருது. அக்சலரேட்டரை முழுக்க மிதித்தால் இழுவை கிட்டத்தட்ட பூச்சியம். காலை எடுத்தால் வைப்பர் பறக்குமே? அப்படியானால் மோட்டார் நல்லது. ஒருவழி வால்வோடு ஒரு சின்ன டாங்கியை இடையில் போட்டால் ஒரு வளைவைக் கடக்கும் அளவுக்குத் தாங்கும், நீண்ட ஏத்தத்துக்கு அல்ல. காலை எடுத்தும் மெதுவாகவே ஆடினால் மோட்டாருக்குள் பழைய கிரீஸ் இறுகியிருக்கும். கழுவி மெல்லிய எண்ணெய் விடுங்க.

நுவரெலியா டீசல்

மஞ்சளை அடைத்தேன், உடனே நின்றது. பின் இடது கதவில் சிவப்பிலும் பச்சையிலும் 15 இழுத்தால் 3 விநாடியில் பூச்சியம். மற்றக் கதவுகளில் முள் சரியாமல் நிற்குது.

பதில் 4: பண்டாரவளை

டயஃப்ரம்தான், மோட்டாரை மாத்துங்க. அதற்கு முன் கதவுக்கும் தூணுக்கும் நடுவில் குழாய் மடங்கும் இடத்தையும் பார்த்துவிடுங்க, அங்கேயும் ஒடியும். குழாய்களை மாறி மாட்டினால் மற்றக் கதவெல்லாம் பூட்டும்போது அது மட்டும் திறக்கும். உள்ளே உள்ள பிளாஸ்டிக் தாளைத் திரும்ப ஒட்டாமல் விட்டால் நம்ம ஊர் மூடுபனியில் கதவு அட்டை ஊறிவிடும்.